கேஸ் இருந்தும் ஸ்டவ்

காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்றுதான் சிவஞானம் எல்லோரிடமும் சொன்னான். அந்தக் கதவு அவன் மனைவி வள்ளியின் இடது மணிக்கட்டை நசுக்கி எலும்பை ஒடித்துவிட்டதாம். வியாழக்கிழமை டெல்லியில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று ஜனக்புரியில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் புகுந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

மாவுக்கட்டோடு பிறந்த வீடான லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்த வள்ளிக்கு அன்று மாலை சோறு கிடைத்தது. வெள்ளிக்கிழமை புத்திமதி கிடைத்தது. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசரான அப்பா ஜோதிலிங்கம், ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி தீர்ப்பு சொன்னார். சனிக்கிழமை மூன்று மணிக்கு மாப்பிள்ளை வருவார். வள்ளி அவரோடு போகவேண்டும். ஸ்கூட்டர் சீட்டும் கூடப் போகும்.

அந்த ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன் ஜோதிலிங்கம் பதிவு செய்த ஸ்கூட்டருக்கு இந்த எண்பத்து மூன்றாம் வருஷம்தான் முறை வந்திருந்தது. அந்த முறையைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லித்தான் சிவஞானம் நாலு மாதமாக வள்ளியை அடித்துக்கொண்டிருந்தான். சீட்டைக் கொடுத்துவிட்டால் அடி நின்றுவிடும் என்பது ஜோதிலிங்கத்தின் கணக்கு.

அம்மா தாயம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போய்ப் பாரு." பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீக்காய வார்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸாக இருப்பவள். வீட்டில் பேசுவதை எப்போதோ குறைத்துக்கொண்டவள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைதான் மூத்த மகள் பூங்கோதைக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஒரு கையால் பின்னல் போட முடியாத தங்கைக்குப் பூங்கோதை தலை வாரிவிட்டாள். காதுக்குப் பின்னால் முடி கொத்தாகப் பிடுங்கப்பட்ட இடம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் சீப்பு நின்றது. வள்ளி பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, வீட்டில் அவர் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றாள்.

"கேஸ் தீந்து போச்சா?"

"இல்லக்கா. போன வாரந்தான் சிலிண்டர் மாத்துனாக. ஃபுல்லா இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பூங்கோதை பின்னலை முடிந்துவிட்டு ஓடினாள். ஸ்டவ் விஷயம் அவள் காதில் விழுந்ததே தவிர, மனதில் விழ இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

*

ஜூன் மாதத்து டெல்லியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற பெண் பூங்கோதை ஒருத்திதான். அவள் வேலை பார்த்த புள்ளிவிவர ஆபீஸில் மனிதர்களுக்கு மின்விசிறி, கம்ப்யூட்டருக்கு ஏ.சி. அதோடு கூட இருக்கிறவர்கள் நடுங்கிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

அந்த மாதம் அவள் மேஜைக்கு வந்திருந்தது தீக்காயக் கணக்கு. இரண்டு வருஷத்தில் நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்கள், ஆளுக்கு ஒரு படிவம். யார், எந்தப் பகுதி, எதனால் வெந்தது, வீட்டில் கேஸ் உண்டா. மேற்கு டெல்லிப் படிவங்கள் பெரும்பாலும் தாயம்மாள் கையெழுத்தில் இருந்தன. அம்மாவின் சாய்ந்த எழுத்தைப் பூங்கோதை பார்த்ததும் கண்டுகொண்டாள். வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அமெரிக்காவிலிருந்து டேப்பில் வந்த ஸாஸ் என்ற மென்பொருளில் அட்டவணை போடவேண்டும். பகுதிக்கு ஒரு வரி, அதில் ஆண்கள், மணமாகாத பெண்கள், மணமான பெண்கள் என்று மூன்று தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் வெந்நீர், மின்சாரம், ஸ்டவ், கேஸ் இருந்தும் ஸ்டவ் என்று பத்திகள், அப்புறம் மொத்தம். அந்தந்தத் தொகுதியை அதனதன் மொத்தத்தால் வகுத்து விகிதமாகக் கொடுக்கவேண்டும். ஒரு மணிக்குள் வேண்டும் என்று மேலதிகாரி பாலசுப்ரமணியம் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார். ஏதோ கமிட்டி கூடுகிறதாம்.

பதினோரு மணிக்கு மெஷின் ஆபரேட்டர் வைத்தி, நீளத் தாளை மடிப்புக் கலையாமல் ஜன்னல் வழியாக நீட்டினார். அவருக்கு எதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் பழக்கம்.

"என்னம்மா இது, ஒரே ஒரு பொம்மனாட்டிக்குத் தொண்ணூத்தாறு ஸ்டவ் வெடிச்சிருக்கே?"

பூங்கோதை பார்த்தாள். முதல் இரண்டு தொகுதியும் ஒழுங்காக விகிதத்தில் இருந்தன. மூன்றாவதில், மேற்கு டெல்லி வரியில், மணமான பெண்கள் மொத்தம் ஒன்று. ஸ்டவ் தொண்ணூற்றாறு.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்தது. முதல் இரண்டு தொகுதியிலும் மொத்தத்தை வரிசையின் கடைசியில் எழுதியிருந்தாள். மூன்றாவதை எழுதும்போது மனம் வள்ளியிடம் இருந்ததால் மொத்தத்தை முதலில் எழுதிவிட்டாள். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிற ஜாதி. வரிசையில் இருக்கிற ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகு என்றால், முதலில் நிற்கிற மொத்தத்தையே மொத்தத்தால் வகுத்தது. நூற்று முப்பத்தேழு ஒன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அந்த ஒன்றால் வகுத்தது. ஒன்றால் வகுத்தால் எது குறையும்? ஆள் கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

அப்படி நின்றதில் ஒன்றுதான் அவள் கண்ணைப் பிடித்தது. மேற்கு டெல்லி, மணமான பெண்கள், கேஸ் இருந்தும் ஸ்டவ்: பதினொன்று.

ஒழுங்காக வகுத்திருந்தால் அது புள்ளி பூஜ்யம் எட்டு என்று வந்திருக்கும். அவளும் அடுத்த வரிக்குப் போயிருப்பாள். புள்ளி பூஜ்யம் எட்டுக்குக் கை கால் கிடையாது, தாலி கிடையாது. பதினொரு பேருக்கு உண்டு. வீட்டில் கேஸ் அடுப்பு இருக்க, மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தீயில் வெந்த பதினொரு கல்யாணமான பெண்கள்.

போன வாரந்தான் சிலிண்டர் மாத்துனாக. ஃபுல்லா இருக்கு.

பூங்கோதைக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

மொத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி, மறுபடி ஓட்டி, பதினொன்றைப் புள்ளி பூஜ்யம் எட்டாக்கி, பன்னிரண்டரைக்கு பாலசுப்ரமணியத்திடம் கொடுத்தாள். மெஷின் நேரத்தை வீணடித்ததற்கு அவர் ஐந்து நிமிஷம் பேசினார். அவள் நின்றுகொண்டு கேட்டாள், ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை.

வீணான தாளை எறிவது அந்த ஆபீஸில் வழக்கமில்லை. வெற்றுப் பின்பக்கத்தில் குமாஸ்தாக்களின் பிள்ளைகள் கணக்குப் போடும், வீடுகளில் அலமாரித் தட்டில் விரிப்பார்கள். தாயம்மாளின் சமையலறைத் தட்டுகளில் நாலு வருஷத்து இந்தியப் புள்ளிவிவரம் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. பூங்கோதை பதினொன்று இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அப்பாவும் இப்படித்தான், என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள். குடும்ப மரியாதையை முதலில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் யாருக்கு எத்தனை எலும்பு ஒடிந்தாலும் அவர் கணக்கு மாறப்போவதில்லை.

*

தாயம்மாள் லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரர்கள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. பூரிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் முன்னால் பூங்கோதை தாளை விரித்தாள்.

தாயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பத்திகளின் தலைப்பு அவளுக்குப் புதிதல்ல. படிவத்தில் இருந்த அதே கேள்விகள்தான். விரல் மெதுவாக நகர்ந்து பதினொன்றில் வந்து நின்றது.

"பதினொண்ணு இல்லட்டி, பன்னெண்டு. புதன்கிழமை ஒண்ணு வந்திருக்கா. ஜனக்புரிதான். தமிழ்ப் பொண்ணு. புருஷன் பேரு பூவராகவனாம். இன்னும் உசுரு இருக்கு."

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். விரலோடு மோதிரம் ஒட்டிப்போய் வெட்டி எடுக்கவேண்டியிருந்த ஒருத்தி. நைலான் சேலை தோலோடு உருகிப்போய், சேலை எது தோல் எது என்று தெரியாமல் கிடந்த ஒருத்தி. முதுகு மட்டும் வெந்திருந்த ஒருத்தி. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டா சமைத்தாள் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. பதினொரு பேரையும் வரிசை தப்பாமல் சொன்னாள். ஆறு மாதம் முன்னால் வந்தவளின் கட்டில் எண்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"எல்லாரும் ஸ்டவ் வெடிச்சதுன்னுதான் சொல்லுதாளுவ. பக்கத்துல புருஷங்காரன் நிக்கான். நான் எழுதிக்கிடுதேன்."

"எழுதுன கையாலதான இவளையும் போன்னு சொல்லுத?" என்றாள் பூங்கோதை. "அவன் வீட்டுக்கு ஸ்டவ் வந்தாச்சும்மா. கேஸ் இருக்கு, ஸ்டவ்வும் வந்திருக்கு."

தாயம்மாள் அடுத்த பூரியைத் தேய்க்கத் தொடங்கினாள். முகத்தில் மாவு ஒட்டியிருந்தது. அப்போது வாசல் மணி அடித்தது.

*

சிவஞானம் பாங்க் வேலை முடிந்து நேராக வந்திருந்தான். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். மாமா என்றும் அத்தை என்றும் அவன் கூப்பிடுவதைக் கேட்டால், இவனா கதவைச் சாத்தினான் என்று யாருக்கும் தோன்றும். ஜோதிலிங்கம் கவரில் போட்டு வைத்திருந்த ஸ்கூட்டர் சீட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். அவனும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். பார்க்க நிச்சயதாம்பூலம் மாதிரி இருந்தது.

வள்ளி அறை வாசலில் பெட்டியோடு நின்றாள்.

"மாப்பிள, ஒண்ணு கேக்கணும்" என்றாள் பூங்கோதை. "வீட்டுல சிலிண்டர் ஃபுல்லா இருக்கையில ஸ்டவ் எதுக்கு?"

இது பெரிய கேள்வி இல்லை. சிலிண்டர் எப்போது தீரும், அடுத்தது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? டெல்லியில் பாதி வீடுகளில் மூலையில் ஒரு ஸ்டவ் இருக்கும். ஜோதிலிங்கமே அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். சிவஞானமும் அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் பூங்கோதையைப் பார்க்கவில்லை. வள்ளியைப் பார்த்தான்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?"

இரண்டே எட்டில் போய் அவள் மாவுக்கட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். வள்ளி போட்ட அலறலில் எதிர் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்தது. பெட்டி விழுந்து துணி சிதறியது. பூங்கோதை நடுவில் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் பின்னலைக் கையில் சுற்றி, அவள் தலையைக் கதவு நிலையில் மோதினான். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை நிலையில் ரத்தம் ஒட்டியது. ஜோதிலிங்கம் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, மாப்பிள, மாப்பிள என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நாக்கு அதற்கு மேல் போகவில்லை.

பூங்கோதை சரிந்து விழுந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அந்தச் சிவப்புக்குள்ளேதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். தாயம்மாள் அவசரப்படாமல் நடந்து வந்தாள். மறுபடி வள்ளியை இழுக்க நீண்ட அவன் வலது கையை, கதவு நிலையின் மேலேயே வைத்து, பூரிக்கட்டையால் ஓங்கி ஒரே அடி அடித்தாள். எங்கே அடித்தால் எது ஒடியும் என்று பதினெட்டு வருஷமாகத் தெரிந்தவள். பச்சை முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது.

சிவஞானம் தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தக்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கியது.

தாயம்மாள் முதலில் பூங்கோதையின் நெற்றியில் துணியை வைத்து அழுத்தி, வள்ளியை அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு அலமாரித் தட்டிலிருந்து பழைய தாள் கற்றையை உருவி, சிவஞானத்தின் கையைச் சுற்றி அண்டைகொடுத்து, சேலைக் கிழிசலால் கட்டினாள். அவன் வலியில் நெளிந்தபோது, ஆடாதீங்க, எலும்பு விலகிரும் என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும்.

வாசலுக்குப் போனபின்தான் அவனுக்குத் தைரியம் வந்தது. போலீஸுக்குப் போவேன் என்றான்.

"போங்க மாப்பிள. எப்படி ஒடிஞ்சதுன்னு கேப்பாக. காத்துல கதவு சாத்திக்கிட்டதுன்னு சொல்லுங்க."

அவன் இறங்கி ஓடினான். ஸ்கூட்டர் சீட்டு கவரோடு தரையில் கிடந்தது. மகளின் ரத்தம் இரண்டு சொட்டு அதில் விழுந்திருந்தது. ஜோதிலிங்கம் குனிந்து எடுத்து, துடைக்கப்போய், துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

*

தாயம்மாள் பூங்கோதையின் நெற்றிக் காயத்தைப் பார்த்தாள். நாலு தையலாவது வேண்டும் என்றாள். பார்த்துக்கொண்டே, திரும்பாமல் வள்ளியிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஸ்டவ் எந்தக் கடையில் வாங்கினது?

"கடையில வாங்கலம்மா. பூவராகவன் அண்ணன் வீட்டுது."

தாயம்மாளின் கை நின்றது.

"இவுககூட பாங்க்ல வேலை பாக்காக. அடுத்த பிளாக்கு. வியாழக்கிழமை காலையில இவுக அத சாக்குல சுத்திக் கொண்டாந்து, கட்டிலுக்கு அடியில தள்ளுனாக. இது எதுக்குன்னு கேட்டேன். அப்பத்தான்..." வள்ளி தன் கட்டுக் கையைப் பார்த்தாள். "இந்த அடியும் ஸ்கூட்டருக்காகன்னு நீங்களாத்தான் சொன்னீக. நான் சொல்லல. என்னை யாரும் கேக்கவும் இல்ல."

"அந்த ஸ்டவ் எப்படிட்டி இருக்கு? ஒடைஞ்சு, நசுங்கி இருக்கா?"

"இல்லியே. புதுசு மாதிரி இருக்கு."

பூங்கோதைக்கு நெற்றி வலி மறந்துவிட்டது. பன்னிரண்டாவது பெண்ணின் படிவம் இன்னும் அவள் மேஜைக்கு வரவில்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை, ஜனக்புரி, ஸ்டவ் வெடித்தது.

"உங்க படிவத்துல எல்லாம் கேட்டிருக்கு" என்றாள் தாயம்மாள் மெதுவாக. "வயசு கேட்டிருக்கு, கேஸ் உண்டான்னு கேட்டிருக்கு. வெடிச்ச ஸ்டவ்வ யாராவது கண்ணால பாத்தாகளான்னு ஒரு கட்டம் இல்ல. நானும் கேக்கல. பன்னெண்டு பேருக்கும் கேக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அழுது இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பூவராகவன் வெடித்ததாகச் சொன்ன ஸ்டவ், வெடிக்காமல் முழுசாக ஜனக்புரியில் சிவஞானத்தின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அது அங்கே இருப்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது சிவஞானத்துக்கும் தெரியும். அவன் போய்க் கால் மணி நேரமாகிறது. ஒரு கை ஒடிந்தாலும் அந்தச் சாட்சியைச் சாக்கோடு தூக்கிப்போக ஒரு கை போதும்.

வள்ளி எழுந்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். "நான் போறேன். வீடு என் வீடு. பூட்டத் திறக்க எனக்கு யாரையும் கேக்கவேண்டியதில்ல."

அந்தச் சாவியை அவள் கையிலிருந்து வாங்கியது ஜோதிலிங்கம். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கியதை மூவரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். முப்பது வருஷ டெல்லி வாழ்க்கையில் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதர், முனையில் இருந்த டாக்ஸி ஸ்டாண்டுக்கு வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வள்ளியும் பின்னாலேயே ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் அவர் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். "ஜனக்புரி, பையா. ஜல்தி."

வள்ளி கதவுப் பிடியைப் பற்றி இழுத்தாள். ஜோதிலிங்கம் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிராக ஒன்று சொன்னார்.

"நீ வரவேண்டாம்மா. அந்த வீட்டுக்கு நீ இனிமே போகவேண்டாம்."

டாக்ஸி கிளம்பியது. பின் சீட்டில் யாரும் இல்லை.